மனு ஏற்கப்பட்டது, மனைவி கொடிக்காலில்

இந்த ஊரில் கீரைக்கென்று தனி மழை உண்டு. காய்கறிக் கடையில் அடுக்கி வைத்திருக்கும் இலைகளின் மேல் சின்னக் குழாய்களிலிருந்து திடீரென்று தூறல் விழும், கொஞ்ச நேரத்தில் தானே நின்றுவிடும். வைகையில் தண்ணீர் வருமா என்று வானத்தைப் பார்த்தே கழுத்து வலித்த சனத்தில் பிறந்தவன் நான். ஒஹாயோவுக்கு வந்து வருடங்கள் ஓடிய பிறகும் அந்த இடத்தில் என் கால் நின்றுவிடும். ஒருநாள் அப்படி நின்றபோது கடைக்காரப் பெண்மணி, "உதவி ஏதாவது வேண்டுமா?" என்றாள். "என் மனைவி இதைப் பார்க்க வேண்டும்" என்றேன். அவள் பதறிப்போய், "எந்தப் பக்கம் தொலைந்துபோனார்கள்?" என்று ஒலிபெருக்கியை எடுக்கப் போனாள். தொலையவில்லை அம்மா, சோழவந்தானில் இருக்கிறாள் என்று புரியவைப்பதற்குள் கீரைக்கு அடுத்த மழை பெய்துவிட்டது.

அது எண்பதுகளின் தொடக்கம். கல்யாணமாகி, வாடிப்பட்டி வீட்டில் சில மாதங்களே குடித்தனம் நடத்திவிட்டு, வால்வு செய்யும் ஒரு தொழிற்சாலைக்கு நான் வேலைக்கு வந்திருந்தேன். நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் பச்சை அட்டை கிடைத்தது. மனைவி பஞ்சவர்ணத்தை அழைத்துக்கொள்ள மனுப் போட்டேன். நெடுங்காலம் காத்திருந்தபின் மனு ஏற்கப்பட்டது என்று கடிதம் வந்தது. இனி அவள் பங்குக்குச் சான்றிதழ்களைச் சேர்த்து, மெட்ராஸில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்குப் பதில் போட வேண்டும், அவ்வளவுதான். அன்றைக்கே இரட்டைக் கட்டில் வாங்கினேன்.

பதிலாக அவளிடமிருந்து எனக்குக் கடிதம் வந்தது. அண்ணனோடு பங்குக்கு வெற்றிலைக் கொடிக்கால் போட்டிருக்கிறாள். இப்போதுதான் கொடி நட்டிருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள். அடுத்த கடிதத்தில் கொடி ஏறிக்கொண்டிருந்தது. அதற்கடுத்ததில் முதல் கிள்ளு, அதாவது முதல் இலை பறிப்பு. கொடிக்கால் ஒருமுறை போட்டால் இரண்டு மூன்று வருடம் இலை கொடுக்கும் என்பது எனக்குத் தெரியும். தூதரகத்திலிருந்து வந்த தாளோ, ஒரு வருடத்துக்குள் பதில் இல்லாவிட்டால் மனு செல்லாது, முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றது. இரட்டைக் கட்டிலின் மறுபாதியில் நான் துவைத்த துணிகளை அடுக்கத் தொடங்கினேன்.

தொழிற்சாலையில் என் பக்கத்து இயந்திரக்காரர் ஃப்ராங்க், இப்படி ஒரு மனைவி இருப்பதையே நம்பவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டார். இலை பயிரிடுகிறாள் என்றேன்.

"என்ன இலை?"

"எங்கள் ஊரில் மெல்லுவார்கள். உடம்புக்குக் கொஞ்சம் சூடு கொடுக்கும்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "போலீசுக்குத் தெரியுமா?"

"தெரியும். கல்யாணத்தில் எல்லாருக்கும் கொடுப்போம்."

"குழந்தைகளுக்குமா?"

"சேச்சே. பிள்ளைகள் தின்றால் மாடு முட்டும் என்று தடுத்துவிடுவோம்."

அதன்பிறகு அவர் என் மனைவியைப் பற்றிக் கேட்பதில்லை. என்னை மட்டும் ஒரு மாதிரி மரியாதையோடு பார்த்தார்.

கெடு முடியச் சில வாரங்களே இருந்தபோது, கையோடு கூட்டி வந்துவிடுவது என்று விடுப்பு எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மதுரையில் இறங்கி, சோழவந்தான் பஸ் பிடித்து, நேரே கொடிக்காலுக்கே போனேன். வரப்பில் கால் வைத்ததும் உள்ளேயிருந்து மச்சான் தங்கராசு கத்தினார்.

"மாப்ள! செருப்பக் கழட்டிட்டு வாங்க! கொடிக்கால்ல அமெரிக்காக்காரனுக்கும் ஒரே சட்டந்தேன்!"

கோயிலைப் போலக் கொடிக்காலுக்குள்ளும் வெறுங்காலோடுதான் போக வேண்டும். படித்த திமிரில் மறந்திருந்தேன். ஷூவைக் கழற்றினேன், காலுறையை மறந்தேன். சேற்றில் அது என்னைவிட முன்னதாக ஊர்க்காரனாகிவிட்டது. உள்ளே, கொடி படர்வதற்காக வளர்த்த அகத்தியின் நிழலில் பஞ்சவர்ணம் கொடியை வாழைநாரால் கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள், ஆனால் கை நிற்கவில்லை.

"வாங்க. எளச்சுப் போயிட்டீக."

"தூதரகத்துல மனுவத் தூக்கிப் போட்ருவாங்க, பஞ்சு. நாளைக்கே மெட்ராசுக்குப் போகணும்."

"போவோம். அதுக்கு முன்ன இந்த வரிசையக் கட்டிர்றேன்."

மச்சான் என்னைத் தனியே இழுத்துப்போய்ச் சொன்னார். முந்தின கொடிக்கால் வெள்ளத்தில் நின்று மொத்தமும் அழுகிப்போனது. அவர் மண்வெட்டியை மூலையில் சாத்திவிட்டு, பேச்சுமில்லாமல் சாப்பாடுமில்லாமல் கிடந்திருக்கிறார். இவள்தான் தன் பேருக்கு ஒரு பங்கு எழுதச் சொல்லி, அவரைப் பிடித்து இழுத்துவந்து மறுபடி அகத்தி விதைக்க வைத்திருக்கிறாள். "கூட்டிட்டுப் போங்க மாப்ள, நான் பாத்துக்கிருவேன்" என்றார். பார்த்துக்கொள்கிறவரின் முகமாக அது இல்லை.

நான் அவளிடம் திரும்பிப் போனேன். "எனக்காக வரக் கூடாதா?"

"வரமாட்டேன்னு யாரு சொன்னா? நீங்க இந்திப் பரிச்சைய பாதில விட்டீக. புல்லாங்குழல் படிக்கப் போயி பாதில விட்டீக. கல்யாணம் கட்டியும் பாதில ஏரோப்ளேன் ஏறிட்டீக. நம்ம வீட்டுல ஒருத்தராச்சும் ஒன்ன முடிப்போமே."

நானும் ஒரு கொடியைக் கட்டிப் பார்த்தேன். அவள் அவிழ்த்துவிட்டாள். "இம்புட்டு இறுக்குனா செத்துப் போகும்." இதில் எனக்கு ஏதாவது உட்பொருள் உண்டா என்று கேட்டேன். "கொடிக்கு உள்ளதச் சொன்னேன். நீங்க தள்ளி நில்லுங்க, மிதிக்கிறீக."

மெட்ராஸ் போனோம். கேட்கப் போகிற இடத்துக்குக் கையை வீசிக்கொண்டு போகக் கூடாது என்று அவள் வாழையிலையில் வெற்றிலையைக் கட்டி எடுத்துக்கொண்டாள். அதிகாரியின் அறை வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். வேண்டாம் என்று நான் சைகை காட்டுவதற்குள் உள்ளே போய்விட்டாள். அதிகாரி இளைஞர், பணிவானவர். மொழிபெயர்க்கும் தமிழர் ஏதோ கோப்பு எடுக்க வெளியே போயிருந்தார். அதனால் என்னைப் பார்த்து, "உங்கள் மனைவிக்கு உங்களோடு வாழ விருப்பமில்லையா என்று நீங்களே கேட்டுச் சொல்லுங்கள்" என்றார்.

கேட்டேன்.

"நல்லாக் கேட்டாரு போங்க. வெத்தல ஓயட்டும், வாரேன்னு சொல்லுங்க. அதுவரைக்கும் மனுவ மூடிறாம வைக்கச் சொல்லுங்க."

அந்த அறையில் இரண்டு மொழியும் தெரிந்தவன் நான் ஒருவன்தான். 'வரத் தயார் என்கிறாள்' என்று ஒரு வரி சொன்னால் போதும். அங்கேயே நாள் குறித்துவிடுவார்கள். கட்டிலின் மறுபாதி, துணிகள், எனக்கு நானே வைத்துக்கொண்டு என்னை நானே மன்னித்துக்கொண்ட சாம்பார் எல்லாம் நினைவுக்கு வந்தன. வாயைத் திறந்தேன். மேஜைக்குக் கீழே அவளுடைய வெறுங்கால் தெரிந்தது. நகக்கண்ணில் கொடிக்கால் மண் இன்னும் போகவில்லை.

"என் மனைவியின் பயிர் நிற்கிறது ஐயா. அவளுடைய அண்ணன் அதை நம்பித்தான் எழுந்து உட்கார்ந்திருக்கிறார். முடித்துவிட்டு வருவாள். தயவுசெய்து மனுவை மூடாமல் வையுங்கள்" என்றேன்.

"மனுப் போட்டவர் நீங்கள்தானே? உங்களுக்குச் சம்மதமா?"

"நான்தான் கேட்கிறேன்."

அவர், கெடுவுக்குள் வந்து கேட்டதையே பதிலாக எடுத்துக்கொள்வதாகச் சொல்லி எழுதிக்கொண்டார். பஞ்சவர்ணம் பொட்டலத்தை மேஜையில் வைத்தாள். பரிசு வாங்க அனுமதியில்லை என்றார். நான் அதைத் தமிழில் சொன்னேன். "வாங்க வேணாம், மோந்து பாக்கச் சொல்லுங்க" என்றாள். முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள். "என்னன்னு சொன்னீக?"

"நீ சொன்னதத்தேன்."

"அம்புட்டு நீளமா நான் சொல்லலயே."

நான் தனியாகவே திரும்பினேன். கொடிக்கால் ஓய்ந்தபின், மச்சான் அடுத்ததற்கு அகத்தி விதைத்ததைப் பார்த்துவிட்டு, சொன்னபடி வந்தாள். கடை மழையைக் காட்டினேன். கையை நீட்டி நனைத்துப் பார்த்து, "வேருக்கு ஒரு சொட்டுப் போகலயே" என்றாள்.

இப்போது அவள் இந்த நாட்டுக் குடியுரிமைக்குப் படித்து, கேள்விகளுக்குப் பதில் சொல்லி, உறுதிமொழியும் எடுத்துவிட்டாள். எடுத்ததை முடிக்கிறவள். என் குடியுரிமை மனுவும் ஏற்கப்பட்டு, உறுதிமொழி எடுக்க வரச்சொல்லிக் கடிதம் வந்தது. ஒருமுறை இருமல் என்று தள்ளினேன். மறுமுறை வேலை என்று தள்ளினேன்.

"உங்களுக்கு என்ன கொடிக்கால் நிக்குது இங்க?" என்று கேட்கிறாள்.

தெரிந்தால் சொல்ல மாட்டேனா? என் தூதரகமும் அவள்தான் என்பதால், "கொஞ்சம் பொறு" என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். என்னைப் பார்த்தாள். கடிதத்தை உறைக்குள் மூடாமல் மேஜைமேல் வைத்தாள்.

சமையலறையின் கிழக்கு ஜன்னலில் ஒரு தொட்டியில் மணிப்ளாண்ட் வைத்திருக்கிறாள். இலை வெற்றிலையைப் போலவே இருக்கும், வாயில் வைக்கத்தான் முடியாது. ஒரு குச்சியை நட்டு, நாருக்குப் பதில் நூலால், இறுக்காமல் கட்டியிருக்கிறாள். கொடி வெளிச்சத்தைத் தேடிக் கிழக்கே சாயும். தொட்டியை வீட்டுப் பக்கம் திருப்பி வைப்பாள். சில நாளில் மறுபடி ஜன்னல் பக்கம் சாய்ந்திருக்கும். ஜன்னலுக்கு வெளியே பனி. அதற்குக் கிழக்கே நிற்காமல் போய்க்கொண்டே இருந்தால், எம்புட்டுத் தூரமானாலும், என்றைக்காவது சோழவந்தான் வரும்.