கம்லா அக்காவின் நாற்காலி

அதெல்லாம் இல்லை, குழந்தை பயப்படவே இல்லை. வீடு அதிர அதிர வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள் என் பேத்தி. யாரும் கேட்கவில்லைதான், ஆனாலும் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். அவளுக்குப் பெயர் வைத்த அன்றைக்குத்தான் அவளுடைய இன்னொரு தாத்தா, என் சம்பந்தி பொன்சாமி, எல்லார் முன்னாலும் தலைகுனிந்து நின்றார்.

பொன்சாமி எங்கள் தீவில் ட்ராசாவில் பிறந்து, லட்டோக்கா சர்க்கரை மில்லுக்குக் கரும்பு லாரி ஓட்டியவர். எண்பத்தேழில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அவருடைய அண்ணன்கள் கனடா போனார்கள். அலமாரியை இவரிடம் விட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு பிளேன் ஏறியவர்கள் எல்லாரும் அப்படித்தான். "வெச்சிக்க பொன்சாமி, வந்து எடுத்துக்குறோம்." ஒருவரும் வரவில்லை. அவர் வீட்டில் கால் வைக்க இடம் கிடையாது. ஆனால் எதையும் அவர் விற்றதில்லை. கிராக் வேர்த்தூளைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கப் பாயில் உட்கார்ந்தோம் என்றால், இது இன்னார் சோபா, அது இன்னார் கட்டில் என்று கை நீட்டிக் காட்டுவார். அதில் அவருக்கு அவ்வளவு பெருமை.

இரண்டாயிரத்தில் பார்லிமென்டுக்குள் துப்பாக்கி புகுந்த பிறகு, பக்கத்து வீட்டுக் கம்லா அக்காவும் மகனோடு வான்கூவர் கிளம்பினார். அவர் விட்டுப் போனது ஒரே ஒரு நாற்காலி. காலமான கணவர் மகேந்திரா தன் கையால் செய்தது.

"இதுல மட்டும் யாரும் கைய வெக்கக்கூடாது, பொன்சாமி."

"என் புள்ள மாதிரி பாத்துக்குறேன், அக்கா."

தீபாவளிக்குத் தீபாவளி போனில் கேட்பார். துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன் என்று இவரும் சொல்வார். பல வருஷம் அது உண்மையாகவும் இருந்தது.

பிறகு சிட்னியில் இருக்கிற ரொனில், பொன்சாமியின் மச்சான் மகன், ஒரு பார்சல் அனுப்பினான். வட்டமான இரும்புச் சாமான்கள். சோபாவுக்கு அடியில் திருகி, டிவி பெட்டியோடு வயர் இழுத்துவிட்டால், படத்தில் குண்டு வெடிக்கும்போது உட்கார்ந்திருப்பவரையும் குலுக்கும். பொன்சாமி பின்அறையைத் தியேட்டர் ஆக்கினார். ஆனால் பஞ்சு சோபாவில் அந்த அதிர்வு பஞ்சுக்குள்ளேயே செத்துப்போனது. கெட்டி மரம் வேண்டும். வீட்டில் கெட்டி மரத்தில் இருந்தது கம்லா அக்காவின் நாற்காலி மட்டும்தான். அடியில் குறுக்குச் சட்டம் இடித்தது. அதை ரம்பத்தால் அறுத்து எடுத்துவிட்டு இரும்பைத் திருகினார்.

அதில் நானும் உட்கார்ந்து பார்த்தேன். "சம்பந்தி, முதுகு வலிக்கு இனிமே தைலமே வேணாம்" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். அக்கா இனி எங்கே வரப்போகிறார் என்று இருவருமே நினைத்திருக்க வேண்டும்.

அக்கா வந்தார். பெயர் வைக்கிற அன்றைக்கு, மார்டின்டாரில் ஒரு ஹோட்டலில் தங்கிக்கொண்டு, டாக்ஸியில் வந்து இறங்கினார். பொன்சாமி பின்அறையைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அங்கே கரென்ட் இல்லை என்று எல்லாரிடமும் சொன்னார். ஆனால் அவர் மகள், என் மருமகள் அஷ்னிதாவுக்கு, அவர் நாற்காலியை அறுத்த கதை தெரியாது. அப்பாவின் பையிலிருந்து சாவியை உருவிக்கொண்டு, "வாங்க காக்கி, எங்க டாடி கட்டின தியேட்டரப் பாருங்க" என்று சித்தி முறை வைத்து ஹிந்தியில் சொல்லி, அக்காவைக் கையைப் பிடித்து அழைத்துப் போனாள்.

அக்கா தன் நாற்காலியைப் பார்த்ததும் நேராகப் போய் உட்கார்ந்தார். என் மகன் ஷிவ்னீல் ஏதோ சண்டைப் படத்தைப் போட்டான். வீடே அதிர்ந்தது, நாற்காலி குலுங்கியது. அக்கா எழுந்து, குனிந்து, அடியில் கைவிட்டுத் தடவினார். அறுத்த முனை கையில் பட்டிருக்கும். படத்தை நிறுத்தச் சொன்னார். நின்ற பிறகும் நாற்காலி ஆடியது.

"தரை மேடு பள்ளமா இருந்தாலும் ஆடக்கூடாதுன்னு, அவரு ராவி ராவிச் செஞ்சாரு" என்றார். குழந்தை நெற்றியில் விபூதி வைத்தார், சாப்பிடாமல் போய்விட்டார்.

பொன்சாமி அன்று யார் முகத்தையும் பார்க்கவில்லை. பேத்தியைத் தூக்கக் கொடுத்தேன், கையை நீட்டவில்லை. மறுநாள் இரும்பைக் கழற்றினார். ஓட்டைகளை அடைத்து, புதிதாக ஒரு சட்டம் இழைத்துப் பூட்டினார்.

இன்று அக்காவுக்கு பிளேன். காலையில் பொன்சாமி நாற்காலியை என் வேனில் ஏற்றி, "தனியாப் போக முடியல, சம்பந்தி, கூட வாங்க" என்றார். ஹோட்டல் வாசலில் இறக்கி வைத்தோம். அக்கா புதுச் சட்டத்தைத் தடவிப் பார்த்தார். உட்கார்ந்தும் பார்த்தார்.

"நல்லாத்தான் செஞ்சிருக்க. பிளேன்ல இத எப்பிடிக் கொண்டுபோறது? உன் வீட்டுலயே இருக்கட்டும்."

பொன்சாமி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"வேணாம், அக்கா. சம்பந்தி வீட்டுல விட்டுட்டுப் போங்க, இல்ல கோயில்ல விட்டுட்டுப் போங்க. என்ன மட்டும் வெச்சிக்கச் சொல்லாதீங்க."