ஏழாம் எண்ணும் கறுப்புப் பேனாவும்

தாளை ஜன்னல் கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார் நோலீன் பைக். தாளின் வழியாக வெயில் வருகிறது. கறுப்புப் பட்டைக்கு அடியில் 'ஜெஃப்' என்ற பெயர் மங்கலாக எட்டிப் பார்க்கிறது. "எங்கடா தலைய நீட்டற? உள்ள போ" என்று அதட்டிவிட்டு, தடித்த பேனாவால் இன்னொரு பூச்சு பூசுகிறார். ஜெஃப் ஒழிந்தான். இனி அவன் மூன்றாம் எண்.

ரோட்டோமாரு மாவட்ட மன்றத்தில் நோலீனுக்கு இருபத்தேழு வருட வேலை. கூட்ட நடவடிக்கைகளை எழுதுபவர் அவர்தான். உறுப்பினர்கள் அவரைவிட அவருடைய நோட்டுக்கு அதிகம் பயப்படுவார்கள். "அதை எழுதிடாத நோலீன்" என்று யாராவது கெஞ்சினால், "எழுத வேணாம்னா சொல்லாத" என்பார். வலது கை விரல்களில் நிரந்தரமாக மை. அதனால் ஸ்கோன் ரொட்டியை இடது கையால் தின்பார். சிரிப்பை அடக்க வேண்டிய நேரத்தில் ஒரு முழு ரொட்டியை வாயில் அடைத்துக்கொள்வார். கூட்டத் தட்டில் எப்போதும் இரண்டு ரொட்டி கூடுதலாக இருப்பதற்கு இதுவே காரணம்.

மன்றம் நேரடியாக அமர்த்திக்கொள்ளக்கூடியது ஒரே ஓர் ஆளைத்தான், தலைமை நிர்வாகியை. மற்ற எல்லோரையும், சாலை போடுகிறவர் முதல் நூலகர் வரை, அந்த ஆள்தான் அமர்த்துவார். எனவே அந்த நாற்காலி காலியானால் ஊருக்கே ஜுரம். மதுக்கடையில் பந்தயம், முடிவெட்டும் கடையில் ஆரூடம்.

போன இரண்டு முறையும் மெரியானா பராட்டா விண்ணப்பித்தார். குடிநீர்ப் பிரிவில் பதினெட்டு வருடம் பொறியாளர், அந்த மண்ணின் பூர்வகுடியான மாவோரி இனப் பெண். ஊரில் எந்தக் குழாய் எந்த மழைக்கு வெடிக்கும் என்று படுக்கையிலிருந்தே சொல்லக்கூடியவர். இரண்டு முறையும் நேர்காணலுக்குக்கூட அழைக்கவில்லை. 'தலைமைப் பண்பு போதாது' என்று பதில். முதல் முறை அமர்த்தப்பட்டவர் மேயரோடு கோல்ஃப் ஆடியவர். இரண்டாமவர் பதினான்கு மாதம் மன்றத்தின் சின்னத்தை மாற்றிக்கொண்டிருந்துவிட்டுப் போனார். தகுதி என்று இவர்கள் சொன்னதெல்லாம் முகமும் பெயரும்தான்.

அந்த இரண்டு மறுப்புக் கடிதங்களையும் தட்டெழுதியது நோலீன். இரண்டாவதை வாங்க மெரியானாவே மேசைக்கு வந்தார். "குடுங்க நோலீன், தபால்காரருக்கு எதுக்கு வீண் நடை" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு நோலீனுக்குச் செரிக்கவே இல்லை. அன்றே தன் ராஜினாமாக் கடிதத்தை எழுதி, தேதி போடாமல் இழுப்பறையில் வைத்தார். "மூணாவது கடுதாசி இந்தக் கையால போகாது. அதுக்கு முன்னாடி நான் போயிடுவேன்."

இந்த முறை ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: விண்ணப்பங்களில் பெயர், வயது, ஊர், பள்ளி, ஆணா பெண்ணா என்பதெல்லாம் மறைக்கப்பட வேண்டும், அதிக மதிப்பெண் பெறும் மூவரை அழைத்தே தீர வேண்டும். அதைக் கடற்கரையில் நாய்களை அவிழ்த்துவிடுவது பற்றிய சண்டைக்கும் மதிய உணவுக்கும் நடுவில், கூட்ட நிரலின் பதினான்காம் பொருளாக வைத்தார். பசித்த வயிறுகள் ஒருமனதாகக் கை தூக்கின.

தேர்வுக் குழு கூடிய நாளில் நோலீன் நான்கு ரொட்டி கூடுதலாக வைத்திருந்தார். எந்த எண் யாருடையது என்று அந்த அறையில் தெரிந்தவர் அவர் ஒருவரே. புருவம் அசைந்தாலும் குற்றம்.

மேயர் டக் ஹெஸ்லாப் ஏழாம் எண்ணைப் படிக்கத் தொடங்கியதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி போட்டார்.

"ஷோனா, இதைப் பாரேன்! வெள்ளத்துல மூணு நாள் பம்ப் ரூமை விட்டு வெளிய வரலையாம். ஊர்ல ஒரு வீட்டுக்கும் குழாய்த் தண்ணி நிக்கலையாம். பட்டாளத்துல இருந்தவனாத்தான் இருப்பான்!"

ஆட்டுப் பண்ணைக்காரியும் உறுப்பினருமான ஷோனா கிர்க்பி தலையை ஆட்டினார். "பத்துக்குப் பத்துதான்."

"நம்ம ஊரு வெள்ளத்தப்ப இவன் மட்டும் இங்க இருந்திருந்தா!" மேயர் மேசையைத் தட்டினார். "இந்த ஆளை விட்டோம்னா நமக்கெல்லாம் புத்தியே கிடையாது. எழுதிக்க நோலீன், எழுதிக்க!"

நோலீன் எழுதிக்கொண்டார். அதற்குள் மூன்றாவது ரொட்டி வாய்க்குள் போயிருந்தது. கண்ணில் நீர் தளும்பியது. "தொண்டையில சிக்கிடுச்சா?" என்று மேயர் பரிவோடு முதுகில் தட்டினார்.

மதிப்பெண்களைக் கூட்டி முடித்ததும், முதலில் வந்த ஏழாம் எண்ணின் பெயர் இருந்த ஒட்டிய உறையை மேயரே பிரித்தார். உள்ளே இருந்த பெயரைப் படித்தார்.

"மெரியானா பராட்டா. நம்ம... தண்ணி மெரியானாவா?"

"ஆமாம் மேயர் அவர்களே. காலைல 'கண்ணு, ஒரு காபி கொண்டா'ன்னீங்களே, அவங்கதான்" என்றார் நோலீன்.

"கொண்டுவந்தாளா?"

"இல்ல. காபி எங்க இருக்குன்னு காட்டினாங்க."

ஷோனா குலுங்கத் தொடங்கினார். "டக், வெள்ளத்தப்ப பூட்ஸ் மாட்டிக்கிட்டு பேப்பருக்கு போட்டோ எடுத்துக்கிட்டியே, பின்னாடி ஒரு கதவு தெரியுமே! அதுக்குள்ளதான்யா அவ இருந்தா!"

மேயரின் காது சிவந்தது. "இல்ல, திறமையைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. ஆனா ஊருக்கு ஒரு புது முகம் வேணாமா? அதையும் யோசிக்கணும்ல. இந்த மதிப்பெண்ணை இன்னொரு தடவை..."

நோலீனின் சிரிப்பு நின்றது. நோட்டைத் திருப்பினார். மை படிந்த விரலை வரியின் மேல் வைத்து, கூட்டத்தில் வாசிக்கும் அதே வறண்ட குரலில் வாசித்தார்.

"'இந்த ஆளை விட்டோம்னா நமக்கெல்லாம் புத்தியே கிடையாது.' மேயர். காலை பத்து நாற்பது."

"அதை எழுதிடாத நோலீன்."

"எழுதச் சொன்னதே நீதானே டக்." இருவரும் ஒன்றாம் வகுப்பில் ஒரே பெஞ்சு; ஆனாலும் இந்த 'நீ' எப்போதாவதுதான் அவர் வாயில் வரும். "ரெண்டு தடவை அவ பேரைப் பாத்தே, உள்ளே இருக்கறதைப் படிக்கல. இன்னிக்குத்தான் படிச்ச. படிச்சதும் பிடிச்சுது. இதுல வெக்கப்பட என்ன இருக்கு?"

மேயர் ஏழாம் எண்ணின் தாள்களைத் தன் பக்கம் இழுத்தார். வெள்ளத்தைப் பற்றிய பக்கத்தை மறுபடி ஒருமுறை மெல்லப் படித்தார். பிறகு மதிப்பெண் தாளின் அடியில் கையெழுத்திட்டார்.

மறுவாரம் மூவரின் நேர்காணலும் மன்றம் நிரம்பி நடந்தது. மற்ற இருவரும் 'தொலைநோக்கு' பற்றிப் பேசினார்கள். மெரியானா எந்தெந்தத் தெருவில் குழாயை மாற்ற வேண்டும் என்று பேசினார். மெரியானாவுக்கு ஆதரவாக எட்டு வாக்கு, எதிராக இரண்டு. அவரை அமர்த்தும் தீர்மானத்தை முன்மொழிந்தவர் மேயர்.

மெரியானாவுக்கான மூன்றாவது கடிதத்தையும் நோலீன்தான் தட்டெழுதினார், இந்த முறை நியமனக் கடிதம். இழுப்பறையில் இருந்த தன் ராஜினாமாக் கடிதத்தைக் கிழித்துப் போட்டார். மேசைக்கு எதிரே மெரியானா காத்து நின்றார். "குடுங்க நோலீன். பம்ப் ரூம்ல ஆளுங்க நிக்கறாங்க."

"இரு, இரு" என்று சொல்லி, நோலீன் எழுந்து போய் நியமனத் தாளை ஜன்னல் கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்தார். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டார். வெயிலில் பெயர் எழுத்தெழுத்தாகத் தெளிந்து நின்றது.