குருபோங் பாலத்தில் குனிந்து நின்றவர்கள்

இதை நான் யாரிடமும் கேட்டுக்கொண்டு வந்து எழுதவில்லை. என் கண்ணால் பார்த்தேன். என்னோடு இன்னொருவனும் பார்த்தான். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. ஆனால் குருபோங் பக்கம் சைக்கிளில் போகிறவர்கள், விடியுமுன் அந்த மரப்பாலத்தைத் தாண்ட வேண்டியிருந்தால், இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

1943, ஜூன் மாதம். மலாக்காவை ஜப்பான்காரன் பிடித்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. என் பெயர் ஷரீஃபுதீன். வீடு காஜா பேராங்கில். ஜாலான் பெண்டஹாராவில் ஒரு துணிக்கடையில் வேலை. கடை திறந்திருக்கும், உள்ளே துணிதான் இருக்காது.

பக்கத்து வீட்டில் தனபாலன் இருந்தான். மலாக்கா செட்டி, பல தலைமுறைக்கு முன் இங்கே குடியேறிய தமிழர் வழி. நெற்றியில் திருநீறு இருக்கும், பேச்செல்லாம் மலாய்தான். அவன் சொன்னதை நான் இங்கே தமிழில் எழுதுகிறேன். போருக்கு முன் விடுமுறை நாட்களில் நாங்கள் இருவரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். ஆற்றை ஒட்டியே வடக்கே போகும் சாலை. மிதிக்கக் கஷ்டமே தெரியாது. ஒரு பக்கம் வயல், மறுபக்கம் தண்ணீர். குருபோங்குக்குச் சற்று முன்னால் ஆற்றின் கிளை ஒன்றுக்குக் குறுக்கே மரப்பாலம். அதன் பக்கத்தில் டச்சுக்காரன் காலத்துச் செங்கல் சுவர் பாதி இடிந்து நிற்கும். அந்த நிழலில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்போம். பிறகு அலோர் காஜா வரை போய், அங்கே நட்டு வைத்திருக்கும் பழங்காலத்துக் கற்களைப் பார்த்துவிட்டுப் பொழுது சாயத் திரும்புவோம். எந்த வளைவில் எந்தக் குழி என்பதுகூட எங்களுக்குத் தெரியும்.

அந்த ஜூனில் என் மகள் ரோஷன் பீவிக்கு மலேரியாக் காய்ச்சல். ஆறு வயதுப் பிள்ளை. குளிரில் கட்டில் ஆடும் அளவுக்கு நடுங்கினாள். கொயினா மாத்திரை ஊரில் யாரிடமும் இல்லை. குருபோங்குக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸராக இருந்த கருணாகரன் ஆள் விட்டுச் சொல்லியிருந்தார். "கொஞ்சம் மாத்திரை இருக்கிறது, பதிலுக்கு ஒரு வேட்டி கொண்டு வாருங்கள். ஆனால் காலையில் ஆட்களைக் கூட்டிப் பெரட்டு எடுத்ததும் நான் அடுத்த டிவிஷனுக்குப் போய்விடுவேன், அதற்குள் வந்துவிடுங்கள்."

அப்போதெல்லாம் கடிகாரத்தைத் தோக்கியோ நேரத்துக்கு மாற்றி வைத்திருந்தார்கள். காலை ஏழு மணி என்றால் வெளியே கும்மிருட்டு. எட்டு மணிக்குத்தான் சூரியன் தலைகாட்டும். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது மணி ஆறரை. தனபாலன் தன் சைக்கிளோடு ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தான்.

"தனியா போகவேணாம் லா. நானும் வரேன்."

என் மனைவி மரியம் வேட்டியைப் பொட்டலமாகக் கட்டிக் கேரியரில் வைத்தாள். "புள்ளைக்கு நினைவு தப்புது. சொணங்காம வாங்க," என்றாள்.

டியூப் கிடைக்காத காலம். டயருக்குள் பழைய கயிற்றைத் திணித்து ஓட்டினோம். சாலையில் தடக்… தடக்… என்று சத்தம் கேட்டுக்கொண்டே வரும்.

பத்து பெரெண்டாம் விமானத்தளத்துக்கு அருகே காவல் சிப்பாய் நின்றான். அவனைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி, இடுப்பு வரை குனிந்து நிற்க வேண்டும். அவன் சொன்ன பிறகுதான் நிமிரலாம். முன்னால் நிமிர்ந்தவர்கள் பட்ட அடியை நான் பார்த்திருக்கிறேன். குனிந்தோம். அவன் ஏதோ உறுமினான். போனோம்.

அதற்குப் பிறகு சாலையில் ஆள் இல்லை. வயலில் தவளைகள் காதைத் துளைத்துக்கொண்டிருந்தன.

திடீரென்று அவை நின்றன. ஒன்றிரண்டாக ஓயவில்லை. எல்லாம் ஒரே நேரத்தில்.

மழை வாசனை வந்தது. மூன்று வாரமாக ஒரு சொட்டு மழை இல்லை. வானம் முழுக்க நட்சத்திரம். ஆனாலும் புது வெள்ளம் ஓடும்போது வருமே, அந்தச் சேற்று வாசனை.

வளைவு திரும்பியதும் பாலத்தின் மறுமுனையில் ஒரு அரிக்கேன் விளக்கு தெரிந்தது.

"சென்ட்ரி," என்றான் தனபாலன் மெதுவாக. "போன வாரம் இங்கே யாரும் இல்லையே."

விளக்கு தரையில் இருந்தது. அதற்குப் பின்னால் உயரமாக ஓர் உருவம். துப்பாக்கிமுனை மட்டும் தெரிந்தது. முகம் இருட்டில். பாலத்தின் மேல் வரிசையாக ஆட்கள். எல்லாரும் குனிந்து நின்றார்கள்.

நாங்கள் இறங்கினோம். சைக்கிளை ஓரமாகச் சாய்த்தோம். வரிசைக்குப் பின்னால் போய் நின்று குனிந்தோம்.

உறுமல் வரவில்லை.

குனிந்தால் கால்கள்தான் தெரியும். எனக்கு முன்னால் ஓர் ஆணின் கால்கள். கரி படிந்த கட்டம் போட்ட சாரம். வலது பாதத்தில் இரண்டு விரல்கள் இல்லை. பக்கத்தில் ஒரு பெண்ணின் கால்கள். அவளை ஒட்டி ஒரு சிறிய பிள்ளையின் கால்கள்.

எல்லாக் கால்களும் நனைந்திருந்தன. அவற்றிலிருந்து தண்ணீர் வடிந்து பலகையில் ஓடியது.

இடுப்பு வலித்தது. யாரும் இருமவில்லை. யாரும் காலை மாற்றி வைக்கவில்லை. அந்தப் பிள்ளைகூட அசையவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

என் முன்னால் நிற்பவரின் குதிகால் அல்லவா எனக்குத் தெரிய வேண்டும்?

நான் பார்த்துக்கொண்டிருந்தது விரல்களை.

எல்லாக் கால்களும்… எங்களைப் பார்த்து நின்றன.

அவர்கள் சிப்பாய்க்குக் குனிந்து நிற்கவில்லை. எங்களுக்கு எதிரே, எங்களைப் பார்த்துக் குனிந்திருந்தார்கள். அந்த மனிதனின் தலை என் தலைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்திருக்க வேண்டும்.

சொட்… என் புறங்கையில் ஒரு துளி விழுந்தது.

சொட்…

ஐஸ் போலக் குளிர்ச்சி. அவர் முடியிலிருந்து விழுந்தது.

மூச்சுச் சத்தம் கேட்டது. என்னுடையது. தனபாலனுடையது. வேறு எதுவும் இல்லை.

"ஜாங்கான் தெங்கோ," என்றான் தனபாலன். பார்க்காதே. பல்லிடுக்கு வழியாக வந்தது அவன் குரல்.

நான் கண்ணை இறுக மூடினேன். ஓத நினைத்தேன். வாயில் ஒன்றும் வரவில்லை. ரோஷன் பீவி… ரோஷன் பீவி… என்று பிள்ளையின் பெயர்தான் வந்தது.

பலகை கிறீச்சிட்டது.

ஒரு ஈரக்கால் முன்னால் வைக்கும் சத்தம்.

இன்னொன்று.

என் நெற்றியில் நனைந்த முடி பட்டது.

பின்னால் லாரி சத்தம். வெளிச்சம் மூடிய இமை வழியாகச் சிவப்பாக அடித்தது. விமானத்தளத்து ஜப்பான் லாரி. வாழ்க்கையில் அவர்களைக் கண்டு நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான். கண்ணைத் திறந்தேன்.

யாரும் இல்லை. விளக்கும் இல்லை. பாலத்துப் பலகைகள் காய்ந்து கிடந்தன. காலிப் பாலத்தைப் பார்த்து நாங்கள் இருவர் மட்டும் குனிந்து நின்றுகொண்டிருந்தோம். லாரியில் இருந்த சிப்பாய்கள் எங்களைக் காட்டிச் சிரித்துக்கொண்டே போனார்கள்.

தனபாலன் நிமிரவில்லை. நான்தான் தோளைப் பிடித்து நிமிர்த்தினேன். சட்டை வியர்வையில் ஊறியிருந்தது.

திரும்பிப் போய்விடலாமா என்று அவன் கேட்கவில்லை. வீட்டில் பிள்ளை கிடப்பது அவனுக்கும் தெரியும். சைக்கிளில் ஏறி, பலகைமேல் தடதடவென்று மிதித்துத் தாண்டினோம். மணியைப் பார்த்தேன். ஏழே கால். பாலத்துக்கு வந்தபோதும் ஏழே கால்தான் இருந்தது.

கருணாகரன் மாத்திரை கொடுத்தார். என்னை ஏற இறங்கப் பார்த்து, "உங்களுக்கும் காய்ச்சலா?" என்று கேட்டார். வரும்போது செங் பக்கமாகச் சுற்றி வீடு வந்தோம். மூன்றாம் நாள் ரோஷன் பீவி கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டாள்.

இதோடு முடிந்திருந்தால் பயத்தில் கண்ட தோற்றம் என்று நானே சொல்லியிருப்பேன்.

அடுத்த வாரம், நல்ல பகல் நேரம். கடை வாசலில் ஒருவர் கரிமூட்டை ஏற்றிய சைக்கிளை நிறுத்தினார். அதற்கு முன் நான் அவரைப் பார்த்ததில்லை. ஓடு போல் வெடித்த பாதம். வலது காலில் இரண்டு விரல்கள் இல்லை. அதே கட்டம் போட்ட சாரம்.

"என்ன பாய், அப்படிப் பாக்குறீங்க?"

உயிருள்ள மனிதர். பெயர் மருதமுத்து. குருபோங்கில் வீடு. தினமும் விடியுமுன் அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் கரி விற்க வருகிறார். அவரை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பீடியை அணைத்துவிட்டுக் கேட்டார்.

"வெள்ளனா கிளம்பாட்டி கரி விக்காது பாய். சுத்துப் பாதையில போனா ஜப்பான்காரன் சைக்கிளப் புடுங்கிக்கிறான். வேற எப்படி வர்றது?"

"வெளிச்சம் வந்த பொறகு வாங்க," என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். சரி என்றார். கொஞ்ச நாள் வெயில் ஏறித்தான் வந்தார். அப்புறம் பழையபடி ஆகிவிட்டது.

தனபாலனிடம் சொன்னேன்.

"அன்னைக்குப் பாலத்துல நான் தலையத் தூக்கிப் பார்த்தேன்," என்றான். "அந்தப் பொம்பளைய நேத்து பாசார்ல பார்த்தேன். பிள்ளையோட கீரை வாங்கிட்டு இருந்தா."

அதோடு அவன் சைக்கிளை விற்றுவிட்டான்.

வருடக் கடைசியில் மருதமுத்து வருவது நின்றது.

ஜப்பான்காரன் சரணடைந்த பிறகுதான் அவர் மனைவி பாக்கியலட்சுமியைப் பார்த்தேன். அந்தச் சாலையில் யாரோ டெலிபோன் கம்பியை அறுத்துவிட்டார்களாம். மறுநாள் விடியுமுன் சிப்பாய்கள் பாலத்தை மறித்து, வந்தவர்களையெல்லாம் குனிந்து நிற்க வைத்தார்களாம். ஆணும் பெண்ணும் பிள்ளையும். மருதமுத்துவும் அதில் ஒருவர். வெளிச்சம் வந்தபோது பாலத்தில் ஒருவரும் இல்லை. ஆறு கொண்டுபோய்விட்டது.

"அது எந்த மாசம்?" என்று கேட்டேன்.

"டிசம்பர், பாய். அடைமழை. பாலத்து மேலயே தண்ணி ஓடுச்சு."

நாங்கள் அந்தப் பாலத்தில் நின்றது ஜூன் மாதம். அன்று காலை எங்களுக்கு எதிரே குனிந்து நின்றவர்கள் அத்தனை பேரும், அந்த நேரத்தில் உயிரோடுதான் இருந்தார்கள்.