வேம்புலி வீட்டு மதர்போர்டுக்கு நல்ல நேரம்

கோவில்பதாகையில் வேம்புலி வீட்டுக் கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் அவர் மனைவி பொன்னியம்மா உலையில் அரிசியைப் போடுவாள். கல்யாணப் பிளவுஸுக்கு அவள் வரைந்து வைத்த மயில் திரைக்கு வந்து சேர்வதற்குள் சோறு வெந்துவிடும். ஆரி எம்பிராய்டரி வேலைதான் அவள் தொழில். ஒரு வார்த்தை குறை சொல்லாமல் அவள் மயிலுக்காகக் காத்திருப்பதுதான் வேம்புலிக்குத் தாங்கவில்லை. திட்டினால்கூடப் பரவாயில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவர் அவர். கம்ப்யூட்டர் வைத்தியம் வீடியோ பார்த்துக் கற்றது. அவர் கை பட்டுப் பிழைத்த கம்ப்யூட்டர்களும் தெருவில் உண்டு. மற்றவற்றைப் பற்றித் தெரு பேசுவதில்லை, பெருந்தன்மைதான். இந்த முறை ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து பழையதுதான் என்றாலும் வேகமான பிராசசர் ஒன்றை வாங்கி வந்திருந்தார். பன்னிரண்டு வயது மதர்போர்டுக்கு அது யாரென்றே தெரியாது. முதலில் போர்டை எழுப்பிவிடும் பயாஸ் புரோகிராமைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான ஃபைலைப் பென் டிரைவில் ஏற்றிவிட்டார். நடுவில் கரண்ட் போனால் மட்டும் போர்டு செத்துவிடும். இனி அப்படியொரு போர்டு கடையில் கிடைக்காது. ஐப்பசி முகூர்த்தத்துக்கு ஒப்புக்கொண்ட பதினோரு பிளவுஸும் கூடவே போகும்.

ஆயுத பூஜையில் பென் டிரைவுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தார். பூஜையில் வைத்ததை அன்றே எடுக்கக் கூடாது. மறுநாள் விஜயதசமி, காலண்டரில் நல்ல நேரம் பார்த்து உட்கார்ந்தார். பென் டிரைவைச் சொருகினார். கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவில்லை.

"யோவ், அத்தோட வாய்லயே சந்தனத்த அப்பி வச்சிகிறியே!" என்றாள் பொன்னியம்மா.

"மூஞ்சிக்கு வைக்காம முதுகுக்கா வைப்பாங்க?"

அவள் ஆரி ஊசியால் காய்ந்த சந்தனத்தைத் துகள் துகளாக நோண்டி எடுத்தாள். இம்முறை ஃபைலின் பெயர் திரையில் வந்தது. என்டர் தட்டினார். பத்து சதவீதம்.

பக்கத்து வீட்டு மோட்டார் உறுமியது. எதிர் வீட்டிலும். டியூப்லைட் துடித்தது. பூஜையில் வைத்த மோட்டாரைத் தெருவே எடுத்து ஓட்டுகிற நல்ல நேரமும் இதுதான் என்பது வேம்புலிக்கு அப்போதுதான் உறைத்தது. போன வாரம்தான் இப்படி எல்லாரும் சேர்ந்து போட்டு ஃபியூஸ் போனது.

பொன்னியம்மா ஊசியும் கையுமாகத் தெருவுக்கு ஓடினாள். "கோபி, மோட்டார நிறுத்து! சாமுண்டீஸ்வரிக்கா, நீயுந்தான்!"

"நல்ல நேரம் பூடும் அண்ணி! இன்னா ஆச்சு?" என்றான் பக்கத்து வீட்டுக் கோபி.

"உங்க அண்ணாத்தே ஆப்பரேசன் பண்ணிகினு கீறாரு!"

"யாருக்கு?"

"எனக்குத்தான்டா!"

மோட்டார்கள் அடங்கின. அவள் திரும்பி வந்தபோது, பிடியை விட்டால் கரண்ட் போய்விடும் என்பதுபோல வேம்புலி மேஜையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கைமேல் அவள் கை வைத்தாள். அறுபது. எண்பது. நூறு.

பிராசசரை மாற்றிவிட்டு அவர் பட்டனை அமுக்கினார். வழக்கம்போல அவள் உலையில் அரிசியைப் போட்டுவிட்டுத் திரும்பினாள். மயில் வந்து நின்றுகொண்டிருந்தது.

"இன்னாயா இது, அரிசி இப்பத்தான போட்டேன்?"

"வேகறவரைக்கும் இன்னா பண்றது?" என்றார், ஏதோ தப்புச் செய்தவர்போல.

"பேசாம பக்கத்துல உக்காரு."

ஜன்னலில் கோபியின் தலை தெரிந்தது. "அண்ணி, பொழச்சிக்கினியா? மோட்டாரு போடலாமா?"

"போட்டுக்கோடா" என்றாள், மயிலிடமிருந்து கண்ணை எடுக்காமல்.