முழங்கை ஆழத்தில் தண்ணீர்

ராஜஸ்தான் பாலைவனத்தில் பத்து நாள் நடப்பதற்கு நாடெங்குமிருந்து மாணவர்களைச் சேர்த்தபோது, எங்கள் தீவுகளிலிருந்து இரண்டு பெண்களுக்கு இடம் கொடுத்தார்கள். ஒன்று ஓர் அதிகாரியின் மகளுக்கு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. மற்றது எனக்கா, கடற்கரைக் கிராமமான வண்டூரிலிருந்து பஸ்ஸில் வந்து என்னோடு படித்த என் தோழிக்கா என்பதுதான் கேள்வி.

எனக்கு அது கிடைத்தே ஆக வேண்டும். என் அப்பா சாத்தம் மர ஆலையில் கட்டை புரட்டியவர். எங்கள் வீட்டில் என்னைத் தவிர யாருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. டெய்ரி ஃபார்ம் என்ற எங்கள் பேட்டையில், எங்கள் வீட்டு வரிசையில் யாருக்குக் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். அப்படிப்பட்ட நான், மீன் பிடிப்பவர் மகளான அவளுக்கு அடுத்தபடியாக நிற்பதா?

ஆனால் நடையில் அவள்தான் முந்தினாள். பயிற்சிக்காக டீச்சர் எங்களை வண்டூர்வரை நடத்திக் கூட்டிப்போன அன்று, பாதி வழியிலேயே என் கால் கொப்பளித்துவிட்டது. அவள் என்னை ஒரு மரத்தடியில் உட்காரவைத்து, பழைய வேட்டித் துணியைக் கிழித்து, தேங்காய் எண்ணெயில் தோய்த்து, விரல் விரலாகச் சுற்றிவிட்டாள்.

"என்னடி, சாத்தம் பாலத்தத் தாண்டி நடந்ததே இல்லயா? பாதமா இது, பன்னு மாதிரில்ல இருக்கு!"

மற்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் டீச்சர் ஒரு விஷயம் சொன்னார். நடக்க யாராலும் முடியும், திட்டம் போடத் தெரிய வேண்டும். தண்ணீர், சாப்பாடு, துணி, ஆபத்து வந்தால் என்ன செய்வது எல்லாவற்றையும் இருவரும் ஹிந்தியில் எழுதித் தர வேண்டும். ராஜஸ்தான்காரர் ஒருவர் இங்கே வேறொரு துறையில் அதிகாரியாக இருக்கிறார், அவர் வந்து பார்த்து முடிவு சொல்வார்.

என் தோழி தமிழ்வழி வகுப்பில் படித்து வந்தவள். ஹிந்தி பேசுவாள், எழுத வராது.

"நான் சொல்லச் சொல்ல நீ எழுதிக் குடுடி. உன் கையெழுத்துதான் அச்சு மாதிரி இருக்கும்" என்றாள்.

பள்ளி விட்ட பிறகு உட்கார்ந்தோம். அவல், வெல்லம், கருவாடு என்று அடுக்கிக்கொண்டே போனாள். தண்ணீருக்கு வந்தபோது சொன்னாள்:

"ஆளுக்கு ஒரு பாட்டில் போதும்னு போடு. சுமை குறையும்ல. ஒரு மண்வெட்டி, ரெண்டு சிரட்ட. தீர்ந்துச்சுன்னா தோண்டிக்கலாம்."

வண்டூரில் அவர்கள் வீட்டில் அப்படித்தான். அலை எட்டாத மேட்டில் மணலைத் தோண்டிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தால் நல்ல தண்ணீர் ஊறும். அவள் அம்மா அதில்தான் உலை வைப்பாள். எங்கள் யாருக்கும் கடற்கரை மணலைத் தவிர வேறு மணல் தெரியாது. நானும் அப்படியே எழுதியிருப்பேன். ஆனால் அந்த வாரம்தான் பூகோளப் புத்தகத்தில் படித்திருந்தேன்: அங்கே கிணறுகள் நூற்றுக்கணக்கான அடி ஆழம், ஒரு குடத்துக்காக மைல் கணக்கில் நடப்பார்கள்.

"மணல்ல இல்லாம தண்ணி எங்கடி போயிரும்?" என்றாள் அவள், என் பேனா நின்றதைப் பார்த்து.

"எவ்வளவு ஆழம்னு போடட்டும்?"

"முழங்கை ஆழம். முடிஞ்சா படமும் போட்டுரு."

படமும் போட்டேன். ஒரு பெண், ஒரு குழி, கையில் சிரட்டை. அவ்வளவு அழகாக நான் எதையும் வரைந்ததில்லை. அன்று மாலை என் திட்டத்தில் தண்ணீரைத் தாராளமாக எழுதிக்கொண்டேன். காலுக்கு எண்ணெய்த் துணி சுற்றுவதையும் சேர்த்தேன். அவளிடம் கேட்கவில்லை.

அதிகாரி முதலில் என்னுடையதைப் படித்தார். எண்ணெய்த் துணி வந்த இடத்தில் "சபாஷ்!" என்றார். அடுத்ததை எடுத்தவர் பாதியில் நிறுத்தினார். படத்தை எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தார்.

"மகளே, இங்கே வா. எவ்வளவு தோண்ட வேண்டும்? காட்டு" என்றார் ஹிந்தியில்.

தன்னைப் பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து அவள் முன்னால் போய், முழங்கையைத் தொட்டுக் காட்டினாள்.

"அரே வாஹ்! என் அம்மா தண்ணீருக்காக விடியுமுன் கிளம்பி மத்தியானம் திரும்புவாள். பாவம், இந்த வித்தை அவளுக்குத் தெரியவில்லை!"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்சம் சிரித்தேன்.

இடம் எனக்குக் கிடைத்தது. பையன்கள் அவளைப் பார்க்கும்போதெல்லாம் "க்யா, பானி ஆயா?", என்ன, தண்ணி வந்துச்சா, என்று கத்தினார்கள். இரண்டு நாள் அவள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, எப்போதும்போல என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உனக்கு அது முன்னாடியே தெரியுமாடி?"

"தெரியாது."

"அப்ப நாம ரெண்டு பேருமே மக்குதான்."

அவளோடு சேர்த்து என்னையும் மக்கு என்றது எனக்குப் பொறுக்கவில்லை.

கப்பலுக்கு ஒரு வாரம் இருக்கையில், முதல் இடம் பெற்றிருந்த அந்த அதிகாரி மகளுக்கு மலேரியா. டீச்சர் என்னைக் கூப்பிட்டார். சேதி எப்படியோ என் தோழிக்கும் எட்டியிருந்தது. வாசலுக்கு வெளியே, இரு கையாலும் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"உன் தோழியை அனுப்பலாமா? நன்றாக நடக்கிறாள். ஆனால் கூட இருக்கப் போகிறவள் நீ. நீ சொல்."

டீச்சர் ஹிந்தியில்தான் கேட்டார். நானும் ஹிந்தியில்தான் சொன்னேன், வெளியே கேட்கும்படி.

"வேண்டாம் மேடம். அவளுக்கு எதுவும் தெரியாது. பத்து நாளும் அவளையும் நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்."

டீச்சர் தலையசைத்துக் காகிதத்தில் ஒரு கோடு போட்டார். நான் வெளியே வந்தபோது அவள் வண்டூர் பஸ்ஸுக்குப் போய்விட்டிருந்தாள்.

மெயின்லேண்ட் போகும் கப்பலில் தீவுகளின் இரண்டு பெண்களுக்கென்று பதிவு செய்திருந்த படுக்கைகளில் ஒன்று காலியாகவே வந்தது. அதில் என் பையை வைத்துவிட்டு, மற்றதில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டேன்.