நாலாவது கிண்ணத்துக்கு முன்னால் நின்ற புல்வெட்டுகிறவர்

கல்குடாவில் ஒரு ஹோட்டலின் டிவி டிஷ்ஷைத் திருத்தப் போன காலையில்தான் அந்தப் புல்வெட்டுகிறவரைச் சந்தித்தேன். ஒல்லியான ஆள், முழங்கால் வரை பச்சைக் கறை. வரவேற்பறை டிவியில் அமெரிக்காவில் நடக்கும் கோல்ஃப் போட்டியின் கடைசிச் சுற்று விட்டுவிட்டு ஓடியது.

கோல்ஃபில் பெரிய போட்டிகள் நான்கு. நான்கையும் வென்றவர்கள் மிகச் சிலர். மூன்றை வென்றுவிட்டு ஒன்றுக்காகக் காத்திருப்பவர்களை வயது, அடிக்கும் தூரம் என்று வரிசைப்படுத்திச் சொன்னேன்.

"அத விடுங்க புள்ள, புல்லப் பாருங்க," என்றார். பந்தைவிடப் புல்லைத்தான் அவர் பார்த்தார். "நனைஞ்ச புல். மெல்லத் தட்டினாப் பந்து போகாது. மூண்டு எடுத்த அந்தத் தாடிக்காரன் பலமாத் தட்டுறவன், அவன்தான் இண்டைக்கு நாலாவதையும் எடுப்பான்."

தாடிக்காரன் கடைசிப் பந்துக்குக் குனிந்தபோது படம் நின்றது. கூரைக்கு ஓடினேன். டிஷ்ஷின் ஆணி துருப்பிடித்து உடைந்திருந்தது. கையாலேயே பிடித்துத் திருப்பினேன்.

"வந்திட்டு! அசையாதீங்க!" என்று கீழிருந்து கத்தினார். "அடிச்சிட்டான்... உருளுது, உருளுது... விழுந்திட்டு புள்ள!"

டிஷ்ஷை மறந்து இரண்டு கையாலும் கைதட்டிவிட்டேன்.

"ஐயோ! படம் போயிட்டு! கிண்ணத்தத் தூக்கிறத ஆரு பாக்கிற?"

புது ஆணி பூட்டி இறங்கியபோது, வீரர்கள் கைகொடுத்ததை மறுபடி காட்டினார்கள்.

"அடுத்ததா நாலையும் எடுக்கப்போறது ஆரு அண்ணன்?"

தோற்றுப்போன இளைஞனைக் காட்டினார். "இவன். புல்லுக்கு நோகாம நடக்கிறான்."

அவன் இன்னும் ஒரு கிண்ணமும் எடுக்கவில்லை. ஆனாலும் இப்போது ஒவ்வொரு போட்டியிலும் அவனுடைய கால்களைத்தான் பார்க்கிறேன்.