எட்டு சிலிண்டரும் நாங்கள் இருவரும்

கலியாணம் கட்டுவதற்காக நான் லண்டனில் வந்து இறங்கியபோது, என் கணவரை எனக்கு ஒரு படமும் ஏழு கடிதங்களும் சொன்ன அளவுக்குத்தான் தெரியும். எண்பதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு மூன்று வருஷம் முன்னர் அகதியாக வந்தவர் அவர். விமான நிலையத்தில் பெட்டிகள் ஏற்றி இறக்கும் வேலை. அதற்குக் கிட்ட, ஹவுன்ஸ்லோவில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்து வைத்திருந்தார். வீட்டுக்குப் பின்னால் சந்துபோல ஒரு ஒழுங்கை, அதில் தகரக் கதவு போட்ட ஒரு கராஜ். அதற்குள் வைக்க எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை.

எங்களுக்குள் சண்டை இல்லை. பேச்சும் இல்லை. அவர் ஷிப்ட் முடித்து வருவார். "சாப்பிட்டீரோ?" என்று கேட்பார். "ஓம்" என்பேன். "குளிருதோ?" "இல்லை." அதோடு அன்றைய கதை முடிந்துவிடும். நல்ல மனுஷன் என்று தெரிந்தது. ஆனால் நல்ல மனுஷனோடு என்ன கதைப்பது என்று தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை சோபா பார்த்து வருகிறேன் என்று போனவர், ஒரு லொறியின் முன் சீட்டில் இருந்து இறங்கினார். லொறியின் முதுகில் ஒரு கார். இரண்டு கார் நீளம் இருக்கும். நாலு ரயரிலும் காற்று இல்லை, கதவுகளின் அடிப்பக்கம் துருவில் தின்னப்பட்டிருந்தது, பின் சீட்டில் எலி குடும்பம் நடத்திய அடையாளம். ஓட்டுகிற வளையம் இடப்பக்கம் இருந்தது. அமெரிக்கக் காராம். அவரோடு வேலை செய்த ஒரு வெள்ளைக்காரர், தன் தகப்பனின் வளவில் படங்கு போட்டு மூடி வைத்திருந்தாராம்.

"இது என்ன?" என்று கேட்டேன்.

"கார்."

"ஓடுமோ?"

"ஓடாது. ஓட வைக்கலாம்."

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். இரண்டு நாள் அவருக்குச் சாப்பாடு போட்டேன், முகம் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் அவராகவே சொன்னார். இந்த நாட்டுக்கு வந்த முதல் கிழமை, பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது இப்படியான ஒரு கார் கடந்து போனதாம். அதன் சத்தம் முதலில் நெஞ்சில் கேட்டதாம், பிறகுதான் காதில். "அண்டைக்கு எனக்கு ஒரு பயமும் இருக்கேல்லை. அவ்வளவுதான்," என்றார். எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆனாலும் அவர் ஒரே மூச்சில் இத்தனை சொற்கள் பேசியது அதுதான் முதல் தடவை.

காரோடு ஒரு தடித்த புத்தகமும் வந்திருந்தது. எந்தப் பாகத்தை எப்படிக் கழற்றுவது, எப்படிப் பூட்டுவது என்று படங்களோடு விளக்குகிற புத்தகம். அவருக்கு ஆங்கிலம் வேலைத்தலத்துக்குக் காணும், புத்தகத்துக்குப் போதாது. நான் உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படித்தவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, எண்ணெய் படிந்த அந்தப் புத்தகத்தைச் சமையலறை மேசையில் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"உமக்கு இது விளங்குமோ?"

அப்படித்தான் நான் கராஜுக்குள் போனேன். கவிழ்த்து வைத்த பெயின்ற் வாளியில், கம்பளி ஒன்றைப் போர்த்திக்கொண்டு இருந்து, வாசித்துத் தமிழில் சொல்வேன். அவர் காருக்கு அடியில் கிடந்து செய்வார். எனக்குத் தெரிவது இரண்டு சப்பாத்துகள் மட்டும். புத்தகத்தில் ஒரு பக்கம் முடிந்து அடுத்த பக்கம் தொடங்கும் இடைவெளியில், அந்தச் சப்பாத்துகள் கதைக்கத் தொடங்கின. முகம் பார்க்காமல் பேசுவது அவருக்கு லேசாக இருந்தது. வரும் வழியில் ஏதோ ஒரு நாட்டு விமான நிலையத்தில் நாட்கணக்கில் இருந்ததை, இருந்த ஒரே சேர்ட்டைக் கழிவறையில் தோய்த்து ஈரத்தோடு போட்டதைச் சொன்னார். நானும் சொன்னேன். வந்த முதல் மாதம் கூரைக்கு மேலால் ஒவ்வொரு பிளேன் போகும்போதும், அது எங்கள் பக்கம் போகிறதோ என்று நினைத்து அழுததை, அந்த இரண்டு சப்பாத்துகளுக்குத்தான் முதலில் சொன்னேன்.  "நானும் ஒரு மாதம் அப்பிடித்தான்," என்று அடியில் இருந்து கேட்டது.

எஞ்சின் உள்ளே துருப்பிடித்து இறுகிப்போய் இருந்தது. எட்டு சிலிண்டருக்குள்ளும் டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றிவிட்டு ஒரு கிழமை விட்டோம். அடுத்த ஞாயிறு நீளமான இரும்புக் கம்பியைப் பூட்டி இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தோம். அசையவில்லை. இன்னொரு கிழமை. மூன்றாவது ஞாயிறு, ஒரு கதவு கிறீச்சிடுவதுபோல் ஒரு சத்தம், கம்பி ஒரு விரல் அளவு நகர்ந்தது. நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். கலியாணப் படத்தில்கூட நாங்கள் அப்படிச் சிரிக்கவில்லை.

அந்த மாரியில் வேலையில் ஒரு கனத்த இரும்புக் கதவு அவருடைய வலக்கையில் அடித்தது. இரண்டு விரல் முறிந்து, கை முழுக்கக் கட்டு. மூன்று மாதம் வீட்டில். அப்போது எஞ்சினைக் கழற்றி, துண்டு துண்டாகக் கராஜ் நிலத்தில் பேப்பர் விரித்து அடுக்கி வைத்திருந்தோம். அவர் யன்னலால் ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டு கிழமை பொறுத்தேன்.

"எழும்புங்கோ. பிடிக்கிறது நான். சொல்லுறது நீங்கள்," என்றேன்.

"உமக்கு ஏலாது. கை பழுதாப் போகும்."

"உங்கடை கை இப்ப நல்லாவோ கிடக்கு?"

வால்வுகள் பதினாறு. ஒவ்வொன்றிலும் அரைக்கும் பசை பூசி, ஒரு தடியின் நுனியில் ஒட்டவைத்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மத்துப்போல உருட்டவேண்டும். வால்வும் அது வந்து இருக்கிற இடமும் மங்கலான ஒரே சாம்பல் நிறமாக வரும்வரை. ஒன்றுக்கு அரை மணித்தியாலம் பிடித்தது. சத்தம் மாறும்போது கையே சொல்லிவிடும், முடிந்தது என்று. அதை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை, அந்தப் புத்தகத்திலும் இல்லை. ஐந்தாவது வால்வில் நானே கண்டுபிடித்தேன். அவர் தீக்குச்சி வெளிச்சம்போல ஒரு சின்ன டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம்" என்பார். நான், "இல்லை, காணும்" என்பேன். துடைத்துப் பார்த்தால் காணும்தான். அதற்குப் பிறகு அவர் சொல்வதை விட்டுவிட்டார்.

கோயிலில் ஒரு அம்மா என் நகங்களைப் பார்த்து, "எங்கை பிள்ளை வேலை?" என்று கேட்டா. "வீட்டிலைதான்" என்றேன். அவ என் கணவரை ஒரு மாதிரிப் பார்த்தா. சீட்டுகளுக்கு உறை தைத்ததும் நான்தான். வீட்டிலிருந்து உடுப்புத் தைத்துக் கொடுக்கும் வேலைக்காக ஒரு பெரிய தையல் மெசின் வைத்திருந்தேன். கறுத்த ரெக்சினுக்கு அது முனகியது, ஆனால் தைத்தது.

எல்லாவற்றையும் பூட்டி முடிக்க அடுத்த வருஷத்துக் கோடை வந்துவிட்டது. அவர் கையும் தேறியிருந்தது. சாவியைத் திருப்பினார். டுமீல் என்று ஒரு வெடி, கார்புரேட்டர் வாயால் ஒரு முழம் நெருப்பு. நான் பக்கத்தில் வைத்திருந்த ஈரச் சாக்கைத் தூக்கிப் போட்டேன். அவருடைய ஒரு புருவம் கருகிவிட்டது. அடுத்த ஞாயிறும் வெடி. அதற்கு அடுத்ததும். கார்புரேட்டரை மூன்று தரம் கழற்றிக் கழுவினோம். நாலாவது ஞாயிறு அவர் ஸ்பனரை நிலத்தில் எறிந்தார்.

"நீர் பிழையா வாசிச்சுப் போட்டீர். எனக்கு இங்கிலீஸ் தெரிஞ்சிருந்தா இப்பிடி வந்திராது."

நான் புத்தகத்தை மூடி அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். மூன்று கிழமை அந்தத் தகரக் கதவை ஒருவரும் திறக்கவில்லை. வீட்டுக்குள் பழையபடி "சாப்பிட்டீரோ", "ஓம்."

அதற்கு அடுத்த ஞாயிறு அவருக்குக் காலை ஷிப்ட். வீட்டுக்குள் இருக்க மனம் இல்லாமல் தேத்தண்ணிக் கோப்பையோடு கராஜுக்குப் போனேன். போய், நான் தைத்த சீட் எப்படி இருக்கிறது என்று ஓட்டுபவரின் இடத்தில் ஏறி இருந்தேன். புத்தகம் பக்கத்தில் கிடந்தது. சும்மா புரட்டினேன். முதல் பக்கங்களில், நாங்கள் வாசிக்காமல் தாண்டிய முன்னுரையில், ஒரு வரி இருந்தது. இந்தப் புத்தகத்தில் இடம் வலம் என்று சொல்வதெல்லாம் ஓட்டுபவர் இருக்கையில் இருந்து பார்க்கும் இடம் வலம்.

நாங்கள் எப்போதும் பொனட்டைத் திறந்து, காருக்கு முன்னால் நின்று அதன் முகத்தைப் பார்த்தபடிதான் வேலை செய்தோம். எங்கள் இடம் காருக்கு வலம். தீப்பொறி கொண்டுபோகும் எட்டு வயர்களையும் பக்கம் மாற்றிப் பூட்டியிருந்தோம். நான் வாசித்ததும் சரி, அவர் பூட்டியதும் சரி. நின்ற இடம்தான் பிழை.

தேத்தண்ணியை நிலத்தில் வைத்துவிட்டு எட்டையும் மாற்றினேன். ஈரச் சாக்கைப் பக்கத்தில் எடுத்து வைத்தேன். அவர் வரட்டும் என்று நினைத்தேன். பிறகு, ஏன் என்று நினைத்தேன். சாவியைத் திருப்பினேன். ஒரு இருமல், இரண்டு இருமல், அதன் பிறகு அந்தச் சத்தம். தகரக் கதவு அதிர்ந்தது, அலுமாரியில் ஆணி டப்பாக்கள் நடந்தன. எனக்கும் அது நெஞ்சில்தான் கேட்டது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர், எங்களைப் பற்றி கவுன்சிலுக்கு ஒரு தரம் முறைப்பாடு எழுதியவர், வீட்டுச் செருப்போடே ஓடிவந்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். அவர் பொனட்டில் கையை வைத்தபடி கன நேரம் நின்றார். பிறகு பெருவிரலைக் காட்டிவிட்டுப் போனார்.

என் கணவர் பஸ்ஸால் இறங்கும்போதே தெருமுனையில் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறார். வேலை உடுப்போடு ஒழுங்கையால் ஓடிவந்து கதவடியில் நின்றார்.

"ஆர் ஸ்டார்ட் பண்ணினது?"

"நான்தான்."

அந்த வரியைக் காட்டினேன். எழுத்துக் கூட்டி வாசித்தார். வாசித்து முடித்து, எஞ்சினின் சத்தத்துக்கு மேலால் எனக்குக் கேட்கவேண்டும் என்பதற்காகக் கிட்ட வந்து சொன்னார்: "அண்டைக்கு நான் சொன்னது பிழை. குறை நினைக்காதையும்."

அதன் பிறகு அந்தக் காரில் நாங்கள் திரிந்த திரிச்சல். அந்த நாட்டுக் கார்களில் ஓட்டுபவர் இருக்கிற வலப்பக்கம் நான் இருப்பேன், எனக்கு முன்னால் ஓட்டும் வளையம் இராது. சிக்னலில் பக்கத்தில் நிற்கும் பஸ்ஸில் இருந்து ஆட்கள் குனிந்து பார்ப்பார்கள். நான் வேண்டுமென்றே அந்த நேரம் தோடம்பழம் உரிப்பேன். அவர், "ஆக்களைப் பயப்பிடுத்தாதையும்," என்று சிரிப்பை அடக்குவார். மகள் பிறந்து ஆஸ்பத்திரியால் வீட்டுக்கு வந்ததும் அந்தக் காரில்தான். அந்தச் சத்தத்தில் அவள் உடனே நித்திரையாகிவிடுவாள். வீட்டுக்கு வந்து எஞ்சினை நிற்பாட்டினால் அழுவாள்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் சொந்த வீடு வாங்கியபோது அதில் கராஜ் இருக்கவில்லை. ஒரு வருஷம் தெருவில் நிறுத்திப் பார்த்தோம். மழை அதைத் தின்னத் தொடங்கியது. கடற்கரைப் பக்கத்து ஊர் ஒன்றில் இருந்து ஒருவர், பழைய கார்களை நல்லபடி வைத்திருப்பவர், விரும்பிக் கேட்டார். நாங்களே கொண்டுபோய்க் கொடுத்தோம். பாதி வழியில் என் கணவர் காரை ஓரம் கட்டி இறங்கி, என் பக்கக் கதவைத் திறந்து, "மிச்சத்தை நீர் ஓட்டும்," என்றார். நீண்ட நேர் ரோட்டு. நான் மெதுவாகத்தான் ஓட்டினேன், முடியக்கூடாது என்று.

திரும்பி வரும்போது ரயிலில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். இரண்டு பேரும் அழவில்லை. விக்ரோறியா ஸ்டேஷன் வரப்போகும்போது அவர் கேட்டார்.

"இனி ஞாயிற்றுக்கிழமைகளிலை என்ன செய்யிறது?"

"கதைச்சுக்கொண்டிருப்பம்," என்றேன்.

அடுத்த மாதம் நான் ஒரு கார்ப் பாகங்கள் விற்கும் கடைக்கு வேலை கேட்டுப் போனேன். அங்கே இருந்தவர் என் சேலையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பார்ப்போமே என்று மேசையில் கிடந்த ஒரு துண்டைத் தூக்கிக் காட்டினார். இது என்ன தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். அது காரின் எந்தப் பக்கத்துக்கு உரியது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். திங்கட்கிழமை வரச் சொன்னார்.